திருத்திக் கொடுத்த விண்ணப்பம்

படப்பை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் தோட்டம், மனைக்கொல்லை என்று பொருள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் எங்கள் ஊரைக் கடந்து செல்பவர் எவருக்கும் இது நினைவுக்கு வர வாய்ப்பில்லை. ஒரகடத்திலிருந்து புதிய கார்களை ஏற்றிவரும் நீண்ட டிரெய்லர்களும், மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கும் கம்பெனிப் பேருந்துகளுமே இன்று இவ்வூரின் முகம். அப்படியொரு பேருந்திலிருந்து காலையில் இறங்கி, குளித்துவிட்டு நேராகக் கல்லூரிக்கு வரும் பையன்கள் சிலருக்கு நான் தமிழ் நடத்துகிறேன். முதல் வரிசையில் அமரமாட்டார்கள். கண் சொருகினால் தெரியாமல் இருப்பதற்காகக் கடைசி பெஞ்சைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் தெரியாததுபோல் இருந்துவிடுவேன்.

2025 ஜனவரியில் ஒரு மாலை, பொருளாதாரத் துறையின் மூன்றாமாண்டு மாணவர்கள் நால்வர் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் துறையில் இரண்டு பணியிடங்கள் காலி. தற்காலிகமாக வந்திருந்த ஒருவரும் இடையில் வேறு வேலைக்குப் போய்விட்டார். சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து மனுக் கொடுக்கப் போவதாகவும், அதை நான் திருத்தித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். விண்ணப்பம் என்றால் தமிழாசிரியரிடம் போ என்பது நம் ஊர்களில் எழுதப்படாத விதி. பட்டா மாறுதல், குடிநீர்க் குழாய், திருமண வாழ்த்துமடல் என்று எல்லாமே என் மேசைக்கு வந்திருக்கின்றன.

கோடுபோட்ட தாளில் ஒருவன் எழுதியிருந்தான். ஏறத்தாழ இப்படி: "எங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா வருது. வாத்தியார் வரல. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்காம வரோம். வந்தா கிளாஸ் இருக்கணும்."

நான்கே வரிகள். எழுத்துப்பிழை ஆறு. நான் அவற்றை எடுத்துவிட்டு, "எங்கள் கல்வி நலன் கருதி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்" என்று முடியும் ஒரு பக்க விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதில் ஒற்றுப்பிழைகூட இல்லை. அன்று அது எனக்கு நிறைவாகவே இருந்தது.

அந்த ஆயிரம் ரூபாயை விளக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரத் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பேருந்துச் செலவு, மதிய உணவு, சில வீடுகளில் எரிவாயு உருளை. யாரும் அதை இகழ்ந்து பேச நான் விடமாட்டேன். ஆனால் மாணவனின் கணக்குக்குப் பணம் அனுப்புவது ஒரு வேலை. அவன் எதிரே ஓர் ஆசிரியரை நிறுத்துவது வேறொரு வேலை. முன்னது ஒரு நாளில் நடக்கிறது. பின்னதற்குப் பணியிட ஒப்புதல், நிதித்துறை இசைவு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கை, தேர்வு, வழக்கு என்று நீண்ட பாதை இருக்கிறது. 2024 மார்ச்சில் வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது; ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போயிற்று. எங்கள் கல்லூரியின் காலியிடங்களும் அந்தத் தள்ளிவைப்புக்குள்தான் எங்கோ இருந்திருக்கும்.

நான் அவர்களுடன் செல்லவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்னைத் தடுக்கின்றன என்று அவர்களிடம் சொன்னேன். அது பாதி உண்மைதான். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டபோது நான் வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞன். பின்னர் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் அந்த அச்சம் என் தலைமுறையின் எலும்புக்குள் தங்கிவிட்டது. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். துணிச்சலின் எல்லை அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார்கள். சட்டமன்ற உறுப்பினர் என் விண்ணப்பத்தை முழுதும் படிக்கவில்லை. அத்தனை ஒற்றெழுத்தும் வீண். "தம்பி, என் நிதியிலிருந்து ரெண்டு ரூம் கட்டித் தரேன்" என்றாராம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதைக்கொண்டு சுவர் எழுப்பலாம், மேசை வாங்கலாம். சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே நம் உறுப்பினர்கள் எதைக் கேட்டாலும் கட்டடத்தையே பதிலாகத் தருவதில் வியப்பில்லை. நான்கு வரி எழுதிய பையன்தான் பதில் சொல்லியிருக்கிறான்.

"ரூம் இருக்குங்கய்யா. வாத்தியார்தான் இல்ல. நான் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வரேன்."

"நைட் ஷிப்டா? அப்போ எப்போ தூங்குவ?"

"கிளாஸ் இல்லாதப்ப தூங்குவேங்கய்யா. இப்போ நிறையத் தூங்கறேன்."

அறையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். உறுப்பினர் சிரிக்கவில்லையாம். அவர்கள் எதிரிலேயே கல்லூரிக் கல்வி இயக்குநரகத்துக்குப் பரிந்துரை எழுதி, உதவியாளரைக் கூப்பிட்டு உடனே அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான் நீக்கிய வரிகள்தான் அங்கே வேலை செய்தன.

இந்த ஊரில் கல்லூரி கேட்டு மனுக் கொடுப்பது புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகமே ஒரு விண்ணப்பத்தில் தொடங்கியது. 1839 நவம்பர் 11 அன்று, 70,000 பேர் கையொப்பமிட்ட மனு ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் அளிக்கப்பட்டது. முன்னின்றவர் ஜார்ஜ் நார்ட்டன். பல்கலைக்கழகச் சட்டம் வந்ததோ 1857 செப்டம்பர் 5 அன்று. ஏறத்தாழ 18 ஆண்டுகள்! மனுவில் கையெழுத்திட்ட இளைஞர்கள் அதற்குள் பிள்ளைகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதே பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் 2024 தொடக்கத்தில் வருமான வரிப் பாக்கிக்காக முடக்கப்பட்டன. கோரப்பட்ட தொகை 424 கோடி. அரசு தரும் பங்கு குறைந்துபோனதால் வரிவிலக்குக்குரிய அரசு நிதி நிறுவனமாக அதைக் கருத இயலாது என்பது வருமான வரித்துறையின் வாதம். கொடுக்க வேண்டியவர் குறைத்துக் கொடுத்தார், வாங்கியவர் தண்டம் கட்ட வேண்டும். இலக்கணத்தில் இதற்கு என்ன வேற்றுமை உருபு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைத் தடுப்பது எளிது என்றும் தோன்றுகிறது. 2025 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதா, உதவிபெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழிவகுக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. அம்மாதமே அதைத் திரும்பப் பெற்று மறுஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. வேண்டாம் என்ற குரல் சில நாட்களில் கோட்டையை எட்டிவிடுகிறது. வேண்டும் என்ற குரலுக்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன. மாணவனிடம் இருப்பதோ மூன்றே ஆண்டுகள். முதலாண்டு விவரம் புரிவதற்கே போய்விடும்.

2025 மார்ச் 14 அன்று நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்டது. உயர்கல்விக்கு 8,494 கோடி. மாணவர்கள் அந்த எண்ணைக் கைபேசியில் காட்டி, "இதுல நம்ம வாத்தியார் இருக்காரா ஐயா?" என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை.

ஜூன் மாத இறுதியில் ஒரு கௌரவ விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். இரண்டில் ஒன்று நிரம்பியது. அதற்குள் அந்த நால்வரும் தேர்வெழுதி வெளியேறியிருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த நான்குவரிப் பையன் என் அறைக்கும் வந்தான். அதே கம்பெனியில்தான் இருக்கிறான்; இப்போது ஜெனரல் ஷிப்ட். மற்றோர் இடத்துக்காக ஜூனியர்கள் மனுக் கொடுக்கப்போகிறார்கள், பழைய விண்ணப்பத்தின் நகல் வேண்டும் என்றான். அச்சிட்டுக் கொடுத்தேன். நின்றபடி படித்தான்.

"நான் எழுதினது இதுல இல்லீங்களா ஐயா?"

அவனுடைய தாளைத் தேடினேன். கிடைக்கவில்லை. அன்றே கிழித்துப் போட்டிருப்பேன். அவன் என் பேனாவை வாங்கி, அச்சுத்தாளின் பின்பக்கத்தில் அந்த நான்கு வரிகளையும் மறுபடி எழுதினான். பிழைகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

அடுத்த திங்கட்கிழமை ஜூனியர்கள் மூவர் அதை எடுத்துச் சென்றார்கள். இந்த முறையும் நான் உடன் செல்லவில்லை.