அம்பத்தாறில் இருந்த மாமா

"எனக்குப் பிடித்தவர்" என்று எழுதச் சொன்னதும் எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. அம்மாவின் அண்ணன். 2023-ல் பொங்கல் முடிந்த வாரம் மாரடைப்பால் இறந்துவிட்டார்.

நம்ம வேலூர் பக்கம் மிலிட்டரிக்குப் போவது பெரிய அதிசயம் இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் தெருவிலும் நாலு வீட்டில் வெள்ளை பெயிண்டில் பெயர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மாமா 1989-ல் சேர்ந்தார். ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிவு. பெங்களூரில் டிரெயினிங். எல்லையில் நிற்கும் படைக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், குண்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. மாமா லாரி டிரைவர். ஹவில்தாராகி 2011-ல் ரிட்டயர் ஆனார்.

மாமா எங்கே இருக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாதாம். வடக்கே இருக்கும் ஜவான்களுக்கு ஊர் பெயர் போட்டு லெட்டர் எழுத முடியாது. நம்பர், பெயர், யூனிட், கீழே 56 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். எங்க ஆயா 56 என்பது ஒரு ஊர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். யாராவது கேட்டால், "எம்புள்ள அம்பத்தாறுல கீறான்" என்பாராம். அம்மா இதைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார். ஆயா மட்டும் சிரிக்க மாட்டார்.

1996 மார்கழியில் தாத்தா இறந்துபோனார். தந்தி கொடுத்தார்கள். (தந்தி என்பது இப்போது கிடையாது, 2013-லேயே நிறுத்திவிட்டார்கள்.) மாமா அப்போது லேவில் இருந்தார். குளிர்காலத்தில் ஜோஜிலா கணவாய் பனியில் மூடிவிடும், ரோடு கிடையாது. விமானத்தில்தான் வெளியே வர முடியும். அதுவும் மேகம் இருந்தால் பறக்காது. மூன்று நாள் காத்திருந்து சண்டிகர் வந்து, ரயில் பிடித்து, ஊருக்கு வந்தபோது ஒன்பதாம் நாள். வாசலில் பந்தல் மட்டும்தான் இருந்தது. மாமா ஒரு பை நிறைய அக்ரூட் கொண்டுவந்திருந்தார். தாத்தாவுக்காக எப்போதோ வாங்கி வைத்தது. அதை யாரும் உடைத்துத் தின்னவில்லை என்று அம்மா சொன்னார்.

எனக்குத் தெரிந்த மாமா ரிட்டயர் ஆன மாமாதான். காலையில் நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். கட்டிலில் போர்வையை மடித்தால் ஸ்கேல் வைத்து மடித்த மாதிரி இருக்கும். ராத்திரி மோட்டார் போட கழனிக்குப் போகும்போது டார்ச் எடுத்துப் போக மாட்டார். என்னையும் கூட்டிப் போவார். நான் பயந்தால், "கண்ணு பழகும்டா, கொஞ்ச நேரம் சும்மா நில்லு" என்பார். எனக்குப் பழகவே பழகாது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடப்பேன்.

இப்போது சொல்லப்போவது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஆறாம் வகுப்பில் நான் ஒரு பொய் சொன்னேன். கார்கில் சண்டையில் எங்க மாமா மெஷின் கன்னால் பத்து பேரைச் சுட்டார் என்று. அது வகுப்பு முழுக்கப் பரவி, சார் காது வரை போய், 2022 ஜூலை 26 கார்கில் வெற்றி தினத்துக்கு மாமாவையே பிரேயரில் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, மெடலைக்கூடக் குத்திக்கொள்ளாமல் வந்தார். மைக்கைப் பிடித்து, "நான் யாரையும் சுட்டதில்லீங்க. லாரி ஓட்டினேன். உருளைக்கிழங்கு ஏத்திக்கிட்டுப் போவேன்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். மாமாவும் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு உருளைக்கிழங்கு என்று பெயர் வந்தது.

நான் மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் போய்விடுவேன். தீபாவளிக்குக் கேன்டீனிலிருந்து எனக்கு ஷூ வாங்கி வந்தார். வாங்கிக்கொண்டேன், வார்த்தை பேசவில்லை. "என்னடா கோவம்?" என்று ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பிறகு பொங்கல் வந்தது. பிறகு அவர் இல்லை.

காரியத்துக்கு ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மாமாவின் லாரியில் கூட இருந்தவர். அவர்தான் 1999 பற்றிச் சொன்னார். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் ரோடு திராஸ் வழியாகத்தான் போகிறது. டோலோலிங், டைகர் ஹில் மேலே எதிரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே ரோட்டில் போகும் வண்டி தெரியும். தெரிந்தால் குண்டு விழும். அதனால் ராத்திரியில், ஹெட்லைட் போடாமல் ஓட்டுவார்களாம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ரொம்ப இருட்டான வளைவில் இவர் இறங்கி, முதுகில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பாராம். மாமா அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓட்டுவாராம். லாரி நிறைய பீரங்கிக் குண்டு.

"உருளைக்கிழங்கு இல்லையா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான் ஏத்தினோம் தம்பி. திரும்பி வரும்போது அடிபட்டவங்களை ஏத்திக்கிட்டு வருவோம். சில நாள் அடிபட்டவங்க மட்டும் இல்ல" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தச் சண்டையில் நம் வீரர்கள் 527 பேர் இறந்தார்கள் என்று படித்திருக்கிறேன்.

அந்த ஜூன் மாதம் முழுக்க மாமாவிடமிருந்து லெட்டர் வரவில்லையாம். ஆயா தினமும் திண்ணையில் உட்கார்ந்து போஸ்ட்மேனைப் பார்ப்பாராம். ஜூலைக் கடைசியில் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அது இப்போதும் அத்தையிடம் இருக்கிறது. நலம், இங்கே நல்ல குளிர், பாப்பாவைப் பள்ளிக்கூடம் நிறுத்த வேண்டாம், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. பாப்பா என்றால் எங்க அம்மா.

டிரங்குப் பெட்டியை அத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். என் புத்தகங்கள் இப்போது அதில்தான் இருக்கின்றன. அந்த ஷூ அடியில் இருக்கிறது, எனக்கு இப்போது சேராது.

போன வாரம் கரண்ட் ராத்திரிதான் வந்தது. டார்ச் இல்லாமல் கழனிக்குப் போய்ப் பார்த்தேன். மாமா சொன்ன மாதிரி கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வரப்பு லேசாகத் தெரிந்தது. மோட்டார் கொட்டகை போவதற்குள் இரண்டு தடவை சேற்றில் விழுந்தேன். ஆயா நன்றாகத் திட்டினார்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்