இறங்கு விலையில் கணக்குப் போடு, தாயி

தாயி, ஏலக்காயைப் பாக்கெட் போட்டு விற்கப் போகிறேன் என்று நீ சொன்ன ராத்திரி, சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மூர் தேவாரத்தில் நின்று மேற்கே நிமிர்ந்தால் மலை. பஸ் ஏறினால் போடியில் ஏல மையம். சரக்குக்கு நீ அலைய வேண்டாம். ஆனால் கணக்குக்கு அலையத்தான் வேண்டும். ஒரு நோட்டை எடு. நான் பட்டதைச் சொல்கிறேன்.

2018 ஆகஸ்டில் இடுக்கி மலையில் பெருமழை. அடுத்து வந்த கோடை, மிஞ்சிய செடிகளையும் வாட்டியது. வரத்துக் குறைந்தது. 2019 ஆகஸ்டில் இடுக்கியிலுள்ள புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. இன்னும் ஏறும் என்று நம்பி, கைப்பணம் போதாமல் வட்டிக்கும் வாங்கிச் சரக்கு எடுத்தேன். புதுக்காய் வந்தது, விலை சரிந்தது. மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே. உன் அப்பத்தாவின் சங்கிலி அப்போது போனதுதான், திரும்பவில்லை.

ஆகவே நோட்டின் முதல் வரி இது: ‘விலை பாதியாக இறங்கினால் எத்தனை மாதம் தாங்குவேன்?’ இதற்குப் பதில் எழுதாமல் சரக்கில் கை வைக்காதே.

இரண்டாவது, அடக்க விலை. பத்து கிலோவைக் கிலோ 2,000 வீதம் 20,000 ரூபாய்க்கு எடுத்தாய் என்று வை. சல்லடையில் சலித்துப் பொறுக்கினால், 8 மில்லிமீட்டருக்கு மேலான பெருங்காய் தனி, சிறுகாய் தனி, வெடித்த காய் தனி. நீ நினைத்த தரத்தில் எட்டு கிலோதான் தேறினால் அதன் அடக்கம் கிலோ 2,500. மிச்சம் இரண்டு கிலோவின் காசை, அது விற்ற பிறகு கழித்துக்கொள். அதோடு பொறுக்கும் பெண்களின் கூலி, கவர், வண்டி வாடகை எல்லாம் சேர வேண்டும். உன் சம்பளத்தையும் எழுது. உன் உழைப்பைக் கணக்கில் விட்டுவிட்டு லாபம் என்று சொன்னால் அது பொய்க் கணக்கு.

மூன்றாவது, கடன். காய்க்கு நீ இன்றே பணம் கட்டுவாய். கடைக்காரர் விற்றதும் தருகிறேன் என்பார். அங்கே 45 நாள் பணம் நின்றால், அதற்குள் அடுத்த கொள்முதலுக்கு இன்னொரு 20,000 வேண்டும். நன்றாக விற்ற தொழில்கூட இந்த இடத்தில்தான் மூச்சு முட்டி நிற்கும். எனவே ஐந்து கடையில் தொடங்கு. பழைய பாக்கி வந்த பிறகு புதுச் சரக்குப் போடு. வீட்டுச் செலவுக்கும் தொழிலுக்கும் வேறு வேறு வங்கிக் கணக்கு வை.

நான்காவது, காகிதங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு கட்டாயம். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேள். ஆனால் மானியத்தை வருமானப் பக்கத்தில் எழுதாதே. அது இல்லாமலே கணக்கு நிற்க வேண்டும்.

கடைசியாக, காயின் நிறம். ஈரமும் வெளிச்சமும் படாமல் கறுப்பு பாலித்தீன் உறைக்குள் வை. அப்படியும் வெளுத்தால், வெளுத்த காய் என்று சொல்லியே விலை குறைத்துக் கொடு. சாயம் ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஒருமுறை கையில் பச்சை ஒட்டியது என்று பேச்சு வந்தால், உன் பாக்கெட்டை யாரும் திரும்பத் தொடமாட்டார்கள்.

ஒரு மாதம் போடியில் காய் பொறுக்கும் குடோனில் போய் உட்கார். காயைக் கையால் பழகு. பிறகு நோட்டைக் கொண்டு வா, இருவரும் சேர்ந்து பார்ப்போம். இறங்கு விலையிலும் உன் கணக்கு நின்றால், தாத்தாவின் பத்தாயிரம் ரூபாய்தான் உன் முதல் முதலீடு.