தேறுவாரும் தேற்றுவாரும்



மனவுறுதி என்றதும், புயலுக்கும் அசையாத பாறைபோலத் தனித்து நிற்கும் மனிதனையே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். புனித சின்னப்பரோ உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பொறுமையையும் ஊக்கத்தையும் பிரிக்காமல் பேசுகிறார். இவ்விரண்டையும் அருள்பவர் இறைவனே என்கிறார். தேற்றுவார் இல்லாத இடத்தில் பொறுமை நெடுநாள் நிலைப்பது அரிது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. விழுப்புரம் மாவட்டமெங்கும் விளைநிலங்கள் நீரில் மூழ்கின. அந்நாட்களில் வளவனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். "சாமி, செபமாலை சொல்லாமல் நாங்கள் ஒருநாளும் படுத்ததில்லை. வீட்டு நகையை அடகு வைத்துப் பயிர் வைத்தோம். எங்களுக்கு ஏன் இப்படி?" என்று கேட்டார். அருகில் நின்ற ஒருவர், "என்ன பாவம் செய்தோமோ!" என்று பெருமூச்செறிந்தார்.

இக்கேள்வி புதியதன்று. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்டனும் கால்நடைகளை இழந்து, விளைச்சல் கெட்டு, மனம் சோர்ந்திருந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவருக்கு ஆறுதல் கூறியவர் டச்சுப் படைத்தலைவர் டிலனாய். அவர் யார்? 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட கைதி! தாய்நாட்டையும் விடுதலையையும் இழந்த அவர், அனைத்தையும் இழந்த யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். துன்பத்தை அறிந்தவர் சொன்ன சொல்லாதலால், அது நெஞ்சில் தைத்தது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

அதன்பின் அவர் செல்வம் பெருகியதா? இல்லை. 1749-இல் சிறைப்பட்டார், எருமைமீது ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யோபு இழந்ததை இரட்டிப்பாகப் பெற்றார். தேவசகாயம் இவ்வுலகில் எதையும் திரும்பப் பெறவில்லை. ஆயினும் அவர் விசுவாசம் தளரவில்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். விசுவாசம் பயிர்க்காப்பீடு அன்று. இழப்பின் நடுவிலும் இறைவன் நம்மைக் கைவிடவில்லை என்னும் உறுதியே விசுவாசம்.

யோபுவின் நண்பர்களையும் சற்று நோக்குவோம். ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் வாய் திறவாமல் அவரருகே அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து, "உன் பாவமே இதற்குக் காரணம்" என்று வாதிடத் தொடங்கியபோதுதான் இறைவனின் சினத்திற்கு ஆளாயினர். துன்புற்றவனின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவன் பாவங்களை எண்ணிப் பார்க்க நமக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளே, அண்டை வீட்டில் அடுப்பு எரியவில்லையெனில், அறிவுரைக்கு முன் ஒரு படி அரிசி போகட்டும். விதைநெல் இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும். இடிந்த சுவரை எடுத்துக் கட்ட நான்கு கைகள் கூடட்டும். நிவாரண மனு எழுதத் தெரியாத முதியவருக்குப் படித்த பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். "எனக்கே ஆயிரம் கவலை, நான் யாரைத் தேற்றுவது?" என்று எவரும் பின்வாங்க வேண்டாம். டிலனாயும் கைதியாய் வந்தவரே.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், நம் தெருவில் சோர்ந்திருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் செபிப்போம். விடிந்ததும் அவர் வீட்டுப் படியேறுவோம். இறைவன் அனுப்பும் ஊக்கம் பெரும்பாலும் மனிதக் கால்களால் நடந்தே வருகிறது.