நீலக்கோட்டு உளுவை

கடலில் வாழ்வன யாவும் பேருருவம் உடையன அல்ல. திமிங்கிலம் உலவும் பெருங்கடலிலேயே, விரலளவே உடைய மீன்களும் தமக்குரிய தொழிலைச் செய்து வாழ்கின்றன. அத்தகைய சிறு மீன்களுள் ஒன்று நீலக்கோட்டு உளுவை. மீன் வளர்ப்போர் இதனை ‘நியான் கோபி’ என்பர்.

உளுவைக் குடும்பம் மிகப் பெரியது. ஆறு, குளம், கழி, கடல் ஆகிய எல்லா நீர்நிலைகளிலும் அதன் இனங்கள் உண்டு. நீலக்கோட்டு உளுவையின் தாயகம் அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடாத் தென்கரையும் மெக்சிகோ வளைகுடாவும் அவற்றை அடுத்த வெப்பக் கடல்களுமாம். டேவிட் ஸ்டார் ஜோர்டன் என்னும் அறிஞர் 1904ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். இம்மீன் 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. கரிய உடலின் இருபுறமும் மூக்கிலிருந்து வால்வரை ஒளிமிக்க நீலக்கோடு ஒன்று ஓடும். வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாய் இணைந்து கிண்ணம்போல் அமைந்துள்ளன. அதன் துணையால், அலை மோதினும் அசையாது பவளப் பாறையின்மேல் இது பற்றி நிற்கும்.

இதன் தொழில் வியப்புக்குரியது. களவாய், அஞ்சாளை முதலிய பெருமீன்களின் உடலிலும் செவுளிலும் ஒட்டுண்ணிகள் தங்கித் துன்புறுத்தும். அம்மீன்கள் உளுவை இருக்கும் பவளப் பாறையை நாடிவந்து அசையாது நிற்கும். வாயையும் அகலத் திறக்கும். உளுவையோ அஞ்சாது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்று வெளிவரும். விழுங்க வல்ல வாய் அதனை விழுங்குவதில்லை. ஒன்றற்கு உணவும் மற்றொன்றற்கு நலமும் ஒரே செயலால் கிடைக்கின்றன.

அழகும் அஞ்சாமையும் உடைய இம்மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் பலர் விரும்புகின்றனர். சிறிய உருவினதாகலின் இதற்குப் பரந்த இடம் வேண்டுவதில்லை. நுண்ணிய இறால் முதலிய உணவை விரும்பி உண்ணும். ஆயினும் இரண்டினைப் பொருத்தமறியாது சிறு தொட்டியில் இட்டால் ஒன்றோடொன்று போரிடும். ஆணும் பெண்ணும் இணையாயின் அமைதியாக வாழும். கடலில் பெருமீன்கள் காட்டும் பொறுமையைத் தொட்டியிலும் எதிர்பார்த்தல் ஆகாது. பசித்த பெருமீன் தன்னோடு அடைபட்ட உளுவையை விழுங்கிவிடவும் கூடும்.

தொட்டி நீரைப் பேணுவது எளிதன்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகும். அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மீனை இடுவோர், அது மாள்வதையே காண்பர். நீர் ஆவியாகுந்தோறும் உப்பின் செறிவும் மிகும். கடல் தானே காத்துக்கொள்ளும் அளவையெல்லாம் தொட்டியில் மனிதனே காத்தல் வேண்டும்.

இவ்வாறு உயிர் ஒன்றைக் கடலினின்று பிரித்துக் கண்ணாடிக்குள் அடைத்தல் தகுமோ? இவ்வினா எழுவது முறையே. கடல்மீன் வணிகத்தில் விற்கப்படும் இனங்களுட் பெரும்பாலன இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில், 1960ஆம் ஆண்டுகளிலிருந்து சயனைடு நஞ்சினைப் பாறை இடுக்குகளில் தெளித்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தோன்றிற்று. அதனால் மீன்களேயன்றிப் பவளங்களும் அழிந்தன.

நீலக்கோட்டு உளுவையோ வேறொரு வழியைக் காட்டுகின்றது. இது தொட்டியிலேயே முட்டையிடும் இயல்பினது. சிப்பி ஓட்டினுள்ளோ சிறு குழாயினுள்ளோ பெண்மீன் முட்டைகளை ஒட்டவைக்க, ஆண்மீன் காவல் புரியும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர்களே அவற்றின் முதலுணவு. இதனை அறிந்த வளர்ப்பாளர், 1970ஆம் ஆண்டுகளிலேயே இம்மீனை விற்பனைக்காகத் தொட்டிகளில் பெருக்கத் தொடங்கினர். அவ்வாறு பிறந்த மீன் கடலைக் கண்டதில்லை. அதனைக் கொணர்வதற்காக எந்தப் பாறையும் சிதைக்கப்படுவதில்லை.

2023ஆம் ஆண்டுக் கோடையில் ஃபுளோரிடாக் கரையோரக் கடல் மிகுதியாக வெப்பமுற்றது. பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. உளுவையின் வீடே இவ்வாறு நலியும்போது, அங்கிருந்து அதனைப் பறித்து வருதல் அறிவுடைமையன்று. ஒரு மீன் தொட்டிக்கு ஏற்றதா என்று ஆராய்வோர், அது எங்கிருந்து வந்தது என்பதையும் தாம் அதனைக் காக்க வல்லவரா என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும். பெருமீனின் வாய்க்குள் நம்பிக்கையோடு புகும் சிறுமீன், மனிதன் கையிலும் அதே நம்பிக்கைக்கு உரியதன்றோ?