முகமும் கோட்டும்

கல்வராயன் மலையைப் பத்திரிகைகளில் மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டு மலைகள்தான் தெரிந்திருக்கும். ஒன்று, கோடை விழாச் சமயத்தில் வருவது: கரியாலூர்ப் படகுத்துறை, பெரியார் அருவி, மேகம் இறங்கிய சாலை. மற்றொன்று, சாராய ஊறல் பேரல்களைக் கவிழ்த்துக் கொட்டும் போலீஸ்காரர்கள். முதல் மலையில் மனிதர்களே கிடையாது. இரண்டாவதில் போலீஸ்காரர்கள் உண்டு, மலைக்காரர்கள் இல்லை. காமிரா வருவதற்குள் ஓடியிருப்பார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானபோது இந்த இரண்டாவது மலை திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு; வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுகிற பானையிலிருந்து வந்ததல்ல. ஆனால் வரிசையாக எரிந்த சிதைகளின் படத்தைப் பார்த்த கண், அடுத்து ஊறல் பேரலைப் பார்த்தது. தனித்தனியே இரண்டும் நிஜமான படங்கள்தாம். அடுத்தடுத்து வைத்ததும் அவை ஒரு பொய்யைச் சொல்ல ஆரம்பித்தன. அதற்குப் பிறகு வங்கிக்கு வந்த மலைக்காரர்களைக் கீழ்நாட்டு வாடிக்கையாளர்கள் பார்த்த பார்வையை வரிசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் அறிவேன்.

புகைப்படம் கலையா இல்லையா என்ற பழைய சர்ச்சை எனக்கு அலுத்துவிட்டது. சூசன் சொண்டாக் 1977-லும் ரோலான் பார்த் 1980-லும் எழுதியவற்றுக்குப் பிறகு அதில் மிச்சம் அதிகமில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று: படத்தில் இருப்பவருக்கு அந்தப் படத்தின்மேல் என்ன பாத்தியதை? வங்கிக்காரனுக்குத் தோன்றுகிற கேள்விதான். ஆனால் இன்று ஆவணப் புகைப்படக்காரர்களில் நேர்மையானவர்கள் எல்லோரும் இதனோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

இதன் சரித்திரம் நமக்குத் தொலைவில் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் மேற்பார்வையாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள், பழங்குடிகள் நூலில் நம் மலையாளிகளும் இருக்கிறார்கள். (கேரளக்காரர்களைச் சொல்லவில்லை; காஞ்சியிலிருந்து மலையேறியதாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் இந்த மலைகளின் ஜனங்களுக்கு அதுதான் பெயர்.) அளவுகோலும் காமிராவும் அவருக்கு ஒரே பெட்டியில் வந்த சாமான்கள். வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிவிட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்ல உருப்படிகளைப் பிடித்துப் பாடம் பண்ணி மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கு அந்தப் பெண்கள்தான் நம் நாட்டின் முதல் புகைப்பட விமர்சகர்கள் என்று படுகிறது.

பெங்களூர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000-க்கும் 2004-க்கும் இடையில் செய்த ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா’ வரிசையில், கட்டம்போட்ட திரைக்கு முன் தானே வேஷம் கட்டி நின்று இந்த அளவெடுக்கும் கலையைக் கேலி செய்தார். மிகுந்த புத்திசாலித்தனம். ஆனால் அந்தக் கேலி அளந்தவனை நோக்கிப் போகிறது. அளக்கப்பட்டவளுக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் பதிலில்லை.

மனிதாபிமானம் இருந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. டாரதியா லாங்கே 1936-ல் கலிபோர்னியாவில் எடுத்த ‘மைக்ரன்ட் மதர்’ உலகத்திலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்று. அந்தத் தாய்க்கு ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்று ஒரு பெயர் இருப்பது 1978-ல்தான் வெளியே தெரிந்தது. 42 வருஷம். படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் அந்த அம்மாள். லாங்கேயின் அனுதாபத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அனுதாபம் முகத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

என் மேஜையில் நடப்பது இதற்கு நேர் எதிர். இங்கே பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, வீட்டு எண் உண்டு. முகம்தான் பேச்சற்றுக் கிடக்கும். பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஒட்டி, படத்தின்மேல் பாதியும் தாளின்மேல் பாதியுமாகக் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்துத் தெரியாதவரிடம் ரேகை. இப்போது கவுண்டரிலேயே ஒரு குட்டிக் காமிரா நிற்கிறது. ‘சிரிக்காதீங்க, நேரா பாருங்க’ என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன்! தர்ஸ்டன் சொன்னதும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் கரியாலூருக்கு மேலே ஒரு குக்கிராமத்திலிருந்து ஓர் அம்மாள், இறந்துபோன மகனின் கணக்கை முடிக்க வந்தாள். மிளகுத் தோட்ட வேலைக்குப் போன இடத்தில் செத்திருந்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசு, எல்லாம் சரியாக இருந்தன. பணத்தை எண்ணி முடிச்சுப்போட்ட பிறகும் அவள் நகரவில்லை.

“தம்பி, அந்தத் தாள்ல ஒட்டியிருக்குதே போட்டா, அத்த கிழிச்சிக் குடுத்துடுப்பா.”

“அது பேங்க் தாளும்மா. கிழிக்கக் கூடாது.”

“வேற போட்டா இல்லப்பா அவனுக்கு.”

மேலாளர் அனுமதியோடு அதற்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தோம். பக்கத்துத் தெரு ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கினார். முகத்தின் குறுக்கே ஓடிய கையெழுத்து மையை அழித்தார். நீலப் பின்னணி போட்டார். கேட்காமலே கழுத்துக்குக் கீழே ஒரு கறுப்புக் கோட்டும் டையும் ஒட்டினார். என் ரசனைக்கு அது பெரிய அபசாரம். அந்த முகத்தின் யதார்த்தம் போயிற்று, இயற்கை வெளிச்சம் போயிற்று. அவள் சட்டத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லா இருக்கிறாம்பா” என்றாள்.

பார்த் தன் அம்மாவின் சிறுவயதுப் படத்தைப் பற்றி ஒரு புத்தகத்தின் பாதியை எழுதிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் அதில் அச்சிட மறுத்தார். தனக்கு மட்டுமே அது அம்மா, மற்றவர்களுக்கு எவளோ ஒருத்தி என்று நினைத்தார். அந்த நியாயம் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அது வீட்டில் ஆல்பம் உள்ளவனின் நியாயம். இங்கே ஒளித்துவைப்பதற்கு முதலில் ஒரு படம் வேண்டும்.

இந்தக் கோட்டை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் கௌரி கில்லின் வேலை எனக்குப் பிடிபட்டது. ராஜஸ்தானில் லூன்கரன்சர் என்ற ஊரின் பெண்குழந்தைகள் மேளாவில் 2003-லும் 2010-லும் அவர் ஒரு போட்டோக் கடை போட்டார். வருகிற பெண்கள் தாங்களே யாரோடு நிற்பது, எதைக் கையில் பிடிப்பது, எப்படி முறைப்பது என்று தீர்மானித்து நின்றார்கள். வேண்டுமென்றவர்கள் குறைந்த விலையில் பிரதி வாங்கிக்கொள்ளலாம். ‘பாலிகா மேளா’ என்று 2012-ல் புத்தகமாயிற்று. கலையுலகம் கறுப்பு வெள்ளையின் கண்ணியத்தைப் புகழ்ந்தது. எனக்கு அந்த விலைதான் முக்கியம். காசு கொடுத்து வாங்கியவள் படத்துக்கு வாடிக்கையாளர். அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

2015-லிருந்து மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பக்கத்து ஆதிவாசிக் கலைஞர்களோடு அவர் செய்துவரும் முகமூடிப் படங்கள் இன்னும் பிரசித்தம். தாங்களே செய்த காகிதக்கூழ் முகங்களை மாட்டிக்கொண்டு டீக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அழகு, விசித்திரம், எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அவை சீக்கிரமே கண்காட்சிச் சுவரின் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

தமிழில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் வாடிப்பட்டிக்குத் திரும்பித் தன் வீட்டாரையே படமெடுத்தார். ‘ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்’ என்ற தொடர். ஒரு தலித் குடும்பத்தைப் பார்க்க யாரும் வெளியிலிருந்து வரவேண்டியிராத படங்கள் அவை. எம். பழனிகுமார், 2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை விடாமல் தொடர்ந்து படமெடுத்துவருகிறார். டயனிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக, 2022-ல், அவருக்குத்தான் கிடைத்தது. பாரி தளத்தில் அவர் படங்களுக்குக் கீழே ஆளின் பெயரும் ஊரும் இருக்கும். லாங்கே விட்டுப்போன 42 வருஷத்தை அந்த ஒரு வரி ஈடுகட்டுகிறது.

ஆனால் கரியாலூருக்கு இதே வரியைக் கொண்டுவரும்போது எனக்குக் கை தயங்குகிறது. ஊறல் பேரலுக்குப் பக்கத்தில் நிற்பவனின் பெயரைப் போட்டால் அது கலைக்கு நேர்மை, வழக்குக்குச் சாட்சி. பெயரைப் போடாவிட்டால் அவன் மறுபடி ‘மலைக்காரன்’. போடலாமா என்று அவனையே கேட்க வேண்டும். கேட்பதற்கு வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு தடவை ஏறி வந்தால் போதாது. கடுக்காய் பொறுக்கும் காலத்தில் ஒரு தடவை, தோட்ட வேலைக்கு ஆட்கள் மூட்டை கட்டும்போது ஒரு தடவை, அவர்கள் திரும்பும்போது ஒரு தடவை வர வேண்டும். வரும்போது போன தடவை எடுத்தவற்றின் பிரதிகளும் பையில் இருக்க வேண்டும்.