விளக்குப் பிறந்த வீடு

"மின்சார விளக்கைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று வகுப்பில் கேட்டால் முப்பது கைகள் ஏககாலத்தில் உயரும். "எடிஸன்!" என்ற ஒரே விடைதான் வரும். அந்த விடைக்கு நானும் இருபது வருஷமாக முழு மார்க்குக் கொடுத்து வந்திருக்கிறேன். சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் ஒரு மரக் கட்டடத்தைப் பார்த்த பிறகு, அப்படிக் கொடுக்க மனம் துணியவில்லை.

மிஷிகன் மாகாணத்தில், டெட்ராயிட் நகரத்துக்கு அடுத்தாற்போல் உள்ளது டியர்பார்ன். மோட்டார் வண்டி செய்து பெருஞ்செல்வரான ஹென்றி போர்டு, பழைய வீடுகளையும் பட்டறைகளையும் அங்கே கொண்டுவந்து சேர்த்து ஒரு கிராமமே அமைத்தார். எடிஸனுடைய ஆராய்ச்சிசாலை அதிலே நிற்கிறது. நீளம் 100 அடி, அகலம் 30 அடி. மேலே ஒரு மாடி. தூரத்திலிருந்து பார்த்தால் கிராமத்துப் பள்ளிக்கூடம் என்றே தோன்றும்.

இக்கட்டடம் முதலில் இருந்த இடம் இதுவன்று. நியூஜெர்ஸி மாகாணத்து மென்லோ பார்க்கில், 1876-ல் எடிஸன் கட்டுவித்தது அது. அவர் வேறிடம் சென்றபின் கவனிப்பாரின்றி இடிந்து விழுந்தது. அக்கம்பக்கத்தார் பலகைகளைத் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். உலகுக்கு விளக்கேற்றிய வீடு ஐம்பது வருஷத்துக்குள் உருத் தெரியாமற் போயிற்று! போர்டு எஞ்சிய பலகைகளைத் தேடி மீட்டார். பழைய குப்பைக்குழியைக் கிளறச் செய்தார். அவ்விடத்து மண்ணையும் கொணர்ந்து, புதிதாக எழுப்பினார். 1929 அக்டோபர் 21-ல் திறப்பு விழா. 82 வயது எடிஸன் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்கள் தரை மட்டும் ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றாராம். அன்று அவர் அமர்ந்த நாற்காலியைப் போர்டு தரையோடு ஆணியடித்துவிட்டார்.

மாடியில் சுவர் நெடுகிலும் சீசாக்கள். மேஜைகளின்மேல் கண்ணாடிக் குமிழ்கள், பாதரசத்தைக் கொண்டு காற்றை வெளியேற்றும் பம்பு. 1879 அக்டோபரில், கரியாக்கிய பருத்தி நூல் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. அதற்கு உழைத்த கைகள் எத்தனை! குமிழ் ஊதியவர் லுட்விக் போம். இழையைப் பக்குவப்படுத்திப் பொருத்தியவர் சார்லஸ் பாச்சலர். கணக்குப் போட்டவர் பிரான்ஸிஸ் அப்டன். இழை மின்சாரத்தை அதிகமாகத் தடுக்குமானால், தெருவெங்கும் இழுக்கும் கம்பிக்கு வேண்டிய செம்பு குறையும். செம்பு குறைந்தால்தான் விளக்கு சாமானியர் வீட்டுக்கு வரும். இங்கிலாந்தில் ஜோஸப் ஸ்வானும் அதே ஆண்டில் கரியிழை விளக்கை எரித்துக் காட்டினார்.

அருகிலேயே ஸாரா ஜோர்டன் அம்மாள் நடத்திய விடுதி. இது மாற்றுருவம் அன்று. மென்லோ பார்க்கில் நின்ற அதே வீடு. தொழிலாளிகள் உண்டதும் உறங்கியதும் இங்கேதான். மின்விளக்கு முதன்முதல் எரிந்த வீடுகளில் இதுவும் ஒன்று.

பக்கத்துக் காட்சிச்சாலையில் 27 டன் எடையுள்ள 'ஜம்போ' மின்யந்திரம் இருக்கிறது. 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க்கின் பெர்ல் தெருவில் எடிஸன் திறந்த மின்நிலையத்துக்கு உரியது. 1890-ல் அந்நிலையம் தீக்கிரையானபோது தப்பியது. அந்நாளில் மீட்டருக்குள் துத்தநாகத் தகடு இருக்கும்; மாதந்தோறும் அதை எடுத்து நிறுத்துப் பார்த்துத்தான் கட்டணம் விதித்தார்களாம்!

திரும்பும்போது அந்த நாற்காலியை மறுமுறை பார்த்தேன். ஆணியடித்துக் காத்தது ஒருவர் ஆசனத்தை. ஆனால் குப்பையையும் சீசாவையும் விடுதியையும் காத்ததனால் மற்றவர்களும் அங்கே பிழைத்திருக்கிறார்கள். பட்டறையை இழந்துவிட்டால், விளக்கு குழந்தைகளுக்கு வெறும் மந்திரமாகிவிடும்.

இனி அந்தக் கேள்விக்கு "எடிஸன்" என்று எழுதும் பிள்ளைக்கு அரை மார்க்குத்தான். மீதி அரை, "இன்னும் யார் யார்?" என்று கேட்கும் பிள்ளைக்கு.