இடம் எங்கே போயிற்று?

மீட்பரின் மண்ணக வாழ்வு 'இடமில்லை' என்னும் சொல்லோடுதான் தொடங்கிற்று. விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று நற்செய்தியாளர் லூக்கா குறிப்பிடுகிறார். அந்த இடத்தை நிரப்பியிருந்தவர்கள் யார் யார் என்று அவர் எழுதவில்லை. இடம் இல்லாமற்போன வேளைகளிலெல்லாம் அதை நிரப்பியிருப்பது எது என்ற கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற தவக்காலத்தில் எங்கள் இல்லத்தில் அக்கேள்வியை எழுப்பியது ஒரு கணிப்பொறி.

கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள காளப்பநாயக்கன்பட்டியில் நாங்கள் வாழ்கிறோம். கல்லூரியில் பயிலும் மகனின் படிப்புக்காகவும், வீட்டுக் கணக்கு வழக்குகளுக்காகவும் வாங்கிய கணிப்பொறி அது. திருமண நிழற்படங்கள், பிள்ளைகளின் புதுநன்மை விழாப் படங்கள், ஆலயத் திருவிழாக் காட்சிகள் என ஆண்டாண்டாகச் சேர்ந்தவை யாவும் அதன் வன்தட்டில் இருக்கின்றன. ஒரு நாள் அதன் திரையில் சிவப்புக் கோடு ஒன்று தோன்றிற்று. இடம் தீர்ந்துவிட்டது, இன்னும் 2 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பது அதன் பொருள்.

மகன் உடனே தீர்வு சொன்னான். "அப்பா, பாட்டி செபமாலை சொல்ற பழைய கேசட் பதிவு நாலும் பெரிய பெரிய கோப்பா இருக்குதுங்க. யாரும் போட்டுக் கேக்கறதில்லீங்களே, அழிச்சிடலாமுங்களா?"

இறைவனடி சேர்ந்துவிட்ட எங்கள் தாயாரின் குரல் அது. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் அக்குரலைக் கணிப்பொறிக்கு மாற்றி வைத்திருந்தோம். ஒலித்தகட்டின் தரத்தில் பதிந்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். நான்கு மணி நேரக் குரலுக்கு இரண்டரை ஜிகாபைட். மகன் சொன்ன கணக்கு சரிதான். ஆயினும், "எது எடத்தப் புடிச்சிருக்குதுன்னு முதல்ல பாரு கண்ணு. அழிக்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றோம். அன்று மாலை நாங்கள் மூவரும் அதன்முன் அமர்ந்து கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

வாங்கும்போது வன்தட்டின் உறையில் 500 ஜிகாபைட் என்று அச்சிட்டிருந்தது. கணிப்பொறியோ தன் மொத்தக் கொள்ளளவை 465 என்று காட்டுகிறது. அந்த 35 எங்கே? அதை யாரும் திருடவில்லை. வன்தட்டைச் செய்வோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி, நூறு கோடி பைட்டுகளை ஒரு ஜிகாபைட் என்கின்றனர். விண்டோஸ் இயக்கமுறையோ 1024, 1024 ஆகப் பெருக்கி எண்ணுகிறது. தானியம் ஒன்றே, அளக்கும் படிதான் வேறு. ஊருக்கு ஊர் படியும் வள்ளமும் வேறுபட்டிருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். அக்குழப்பத்தை நீக்கவே 1956-இல் எடை, அளவைகளுக்கான சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. கணிப்பொறி உலகிலும் 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம், 1024-இன் வழி எண்ணும் அளவுக்குக் 'கிபிபைட்' என்று தனிப்பெயரே சூட்டிற்று. ஆயினும் அப்பெயர் வழக்கில் பரவவில்லை. அமெரிக்காவில் இவ்வேறுபாடு வழக்குமன்றம் வரை சென்று, 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வாடிக்கையாளர்களுடன் சமரசம் செய்துகொண்டது. எனவே நாம் இழந்ததாக எண்ணும் சில, தொடக்கத்திலிருந்தே நம்மிடம் இல்லாதவை. அடுத்தவர் படியால் நம் வாழ்வை அளந்துவிட்டுக் குறைகிறதே என்று வருந்துவோர் நம்மிடையே எத்தனை பேர்!

அந்த 35-ஐத் தள்ளிய பின்பும் கணக்கு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியும் கோப்புறைகளையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் 398 ஜிகாபைட்தான் வந்தது. எஞ்சியிருப்பது 2. அப்படியானால் 65 ஜிகாபைட் எங்கோ மறைந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை கைக்கெட்டும் தொலைவில் தெரியும். ஆனால் காரவள்ளியிலிருந்து மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். அவ்வளவு வழியும் மலைமடிப்புகளில் மறைந்தே கிடக்கிறது. தெரிவதை மட்டும் கூட்டுவோர்க்குக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

மறைந்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடினோம். வன்தட்டில் எது எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பதை வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும் 'வின்டிர்ஸ்டாட்' என்ற இலவச மென்பொருள் துணை செய்தது.

முதலில் அகப்பட்டது 6 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு. நினைவகம் நிரம்பும்போது சுமையின் ஒரு பகுதியை இறக்கிவைக்க இயக்கமுறை தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் இடம் அது. அதனருகே 3 ஜிகாபைட்டில் இன்னொன்று இருந்தது. பொறி ஆழ்ந்த உறக்கத்திற்குச் செல்லும்போது, விழித்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகத் தன் நினைவை எழுதிவைக்கும் கோப்பு. எங்கள் மேசைப் பொறியோ இரவில் முற்றிலும் நிறுத்தப்படுவது. அப்படி உறங்கும் வழக்கமே அதற்கில்லை. தாயாரின் குரல் முழுவதற்கும் இரண்டரை, பொறி உறங்காத உறக்கத்திற்கு 3! மகன் இதைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

உறக்கக் கோப்பை நீக்கிவிட்டோம். அதனால் பொறி காலையில் எழுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது, அவ்வளவே. 6 ஜிகாபைட் கோப்பைத் தொடவில்லை. மறைந்திருப்பவை யாவும் தீயவை அல்ல. அதை நீக்கினால் சுமை மிகும் வேளையில் பொறி தடுமாறக்கூடும். களைகளைப் பறிக்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று பணியாளரைத் தடுத்த வீட்டுத் தலைவரின் நிதானம் இங்கும் தேவைப்படுகிறது. குடும்பத்தில் யாரும் காணாமல் செய்யப்படும் செபமும், வெளியே தெரியாத சேமிப்பும், வாய்விட்டுச் சொல்லாத பொறுமையும் இவ்வகையின. இடத்தைப் பிடித்திருக்கின்றனவே என்று இவற்றை அகற்றிவிட்டால் இடர் வரும் நாளில்தான் அவற்றின் அருமை தெரியும்.

மூன்றாவதாக நாங்கள் கண்டது குப்பைக்கூடை. எங்கள் திரையில் அது காலியாகத்தான் தெரிந்தது. ஆனால் கணிப்பொறியில் ஒவ்வொரு பயனாளருக்கும் தனித்தனிக் கூடை உண்டு. மகனின் பெயரில் உள்நுழைந்து பார்த்தபோது, அவன் என்றோ அழித்துவிட்டதாக எண்ணிய திரைப்படங்களும் விளையாட்டுகளுமாக 18 ஜிகாபைட் அங்கே அப்படியே இருந்தன. அழித்தவை என்று நாம் நினைப்பவை பெரும்பாலும் இடம் மாறியவையே. ஒருவர் தம் கூடையைக் காலி செய்வதால் மற்றவர் கூடை காலியாவதில்லை. அவரவர் தம் பெயரில் உள்நுழைந்துதான் செய்தாக வேண்டும். ஒப்புரவு அருளடையாளத்திற்காக வரிசையில் நிற்கும்போது கணவருக்காக மனைவியோ, மகனுக்காகத் தாயோ உள்ளே செல்ல முடியாதன்றோ? மகன் தன் கூடையைத் தானே காலி செய்தான்.

கூடையைக் காலி செய்த பின்பும் ஒரு செய்தி உண்டு. அப்போது எழுத்துகள் வன்தட்டிலிருந்து உடனே துடைக்கப்படுவதில்லை. அவை இருந்த இடம் காலி என்று கணிப்பொறி தன் பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. புதிய கோப்பு ஒன்று அதே இடத்தில் எழுதப்படும் வரை பழையது அடியில் கிடக்கலாம், மீட்டெடுக்கும் மென்பொருள்களுக்கு அகப்படவும் செய்யலாம். கூட்டி அழகுபடுத்தப்பட்டு வெறுமையாய்க் கிடந்த வீட்டிற்கு, விரட்டப்பட்ட தீய ஆவி தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது என்று ஆண்டவர் சொன்னது நம் நினைவுக்கு வருகிறது. தீயதை வெளியேற்றுவதோடு பணி முடிவதில்லை. அவ்விடத்தில் நல்லது ஒன்று எழுதப்பட வேண்டும். கோபத்தை விட்டவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார், குடியை விட்டவர் அந்த மாலையை எதனால் நிரப்புகிறார் என்பதில்தான் மனமாற்றத்தின் உறுதி இருக்கிறது.

கடைசியாக அகப்பட்டதே யாவற்றிலும் பெரியது. 38 ஜிகாபைட். அது இருக்கும் கோப்புறையைத் திறக்கக்கூட இயக்கமுறை எளிதில் இசைவதில்லை. 'சிஸ்டம் புரொடெக்ஷன்' என்ற அமைப்புப் பக்கத்தில்தான் அதன் அளவு தெரிந்தது. பொறிக்கு ஏதேனும் கேடு வந்தால் முந்தைய நிலைக்குத் திரும்புவதற்காக, மாற்றங்கள் நேரும்போது பழைய நிலையை அது பதிவுசெய்து வைக்கிறது. இந்த மீட்பு நிலைகள் ஒன்றிரண்டு இருப்பது பாதுகாப்பு. எல்லை வகுக்காவிடில் அவையே குவிந்து, இன்றைய வேலைக்கு இடமில்லாமற் செய்துவிடும்.

பழைய நிலைகளை இப்படிச் சேமித்து வைப்பதில் மனித உள்ளம் எந்தக் கணிப்பொறிக்கும் இளைத்ததன்று. பாகப்பிரிவினையில் அண்ணன் சொன்ன சொல், திருமணப் பந்தியில் நேர்ந்த அவமதிப்பு, பங்குப் பேரவையில் தம் கருத்து தள்ளப்பட்ட நாள் என ஒவ்வொன்றையும் தேதியோடு வைத்திருக்கிறோம். தேவையானபோது அந்த நாளுக்கே திரும்பிச் சென்று, அதே வெப்பத்தோடு மீண்டும் வாழ்கிறோம். அதற்கு நாம் கொடுக்கும் விலை, இன்று வாயிலில் வந்து நிற்கும் தம்பிக்கு உள்ளத்தில் இடமில்லாமற் போவதே. நாங்கள் மீட்பு நிலைகளுக்கு 10 ஜிகாபைட் என எல்லை வகுத்தோம். பழையவை தாமே விலகின.

கூட்டிப் பார்த்தால் 28-உம் 18-உம் 3-உமாக 49 ஜிகாபைட் திரும்பக் கிடைத்தது. தாயாரின் குரல் அங்கேயே இருக்கிறது. அதன் படியொன்றை வேறொரு கருவியிலும் எடுத்து வைத்திருக்கிறோம்.

இதற்கிடையில், பெரிய வன்தட்டு ஒன்று வாங்கிவிட்டால் தொல்லை தீருமே என்று அறிவுரை கூறியோரும் உண்டு. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகம் செய்த முதல் வன்தட்டுப் பொறி ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளில் அது தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. எங்கள் தாயாரின் ஒரு மணி நேரக் குரலைப் பதிய அத்தகைய பொறிகள் நூற்றுக்கு மேல் வேண்டியிருந்திருக்கும். இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டில் ஆயிரக்கணக்கான மணி நேரக் குரல் அடங்குகிறது. இருந்தும் இடமில்லை என்ற முறையீடு ஓயவில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்ற செல்வனின் உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அவன் களஞ்சியத்தின் அளவைப் பற்றிச் சிந்தித்தான், உள்ளே கிடந்ததைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

இடம் போதாதபோது நம் கை முதலில் நீள்வது கண்ணெதிரே இருப்பவற்றின் மீதுதான். நேரம் போதவில்லை என்றால் குடும்பச் செபத்தை விடுகிறோம். பணம் போதவில்லை என்றால் ஏழைக்குக் கொடுப்பதைக் குறைக்கிறோம். வீடு போதவில்லை என்றால் முதியோரின் கட்டில் திண்ணைக்குப் போகிறது. உண்மையில் இடத்தைப் பிடித்திருப்பவை அவைதாமா என்று நாம் பார்ப்பதில்லை. நற்செய்தியில் வரும் பெண் காணாமற்போன திராக்மாவுக்காக வீட்டுப் பொருள்களை வெளியே எறியவில்லை. விளக்கை ஏற்றினார், வீட்டைப் பெருக்கினார், கவனமாகத் தேடினார். காசு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்த விளக்கைத்தான் புனித இஞ்ஞாசியார் ஆன்ம சோதனை என்ற பெயரில் நமக்குக் கொடுத்திருக்கிறார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவரது ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் அதன் படிகள் ஐந்து: பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல், குற்றங்களை அறிய ஒளி வேண்டுதல், நாளை மணிவாரியாக ஆராய்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி பூணுதல். நன்றி முதலில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். எவற்றை இழக்கக் கூடாது என்று முதலில் அறிந்தவர்தாம் எவற்றை நீக்கலாம் என்று சரியாகத் தெரிந்துகொள்வார்.

உறங்கச் செல்லுமுன் பதினைந்து நிமிடம் போதும். இன்று யாரிடம் 'நேரமில்லை' என்றோம், அந்த நேரத்தை உண்மையில் எது எடுத்துக்கொண்டது என்ற ஒரு கேள்வியோடு தொடங்கலாம். விடை கிடைத்ததும், அடுத்த நாள் காலையிலேயே அந்த ஒருவரைச் சென்று காணலாம்.